வவுட் வான் ஆர்ட் மஞ்சள் ஜெர்சியைத் துரத்தலாமா? எல்லாம் கைவந்த வீரருக்கு எந்தப் பாதை சரி

2021 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் வவுட் வான் ஆர்ட் மூன்று கட்டங்களை, அதாவது மூன்று நாள் ஓட்டங்களை, வென்றார். பதினொன்றாம் கட்டத்தில் மோன் வான்டூ மலையை ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கி, மலோசேன் ஊருக்குத் தனியாளாக வந்து சேர்ந்தார். இருபதாம் கட்டம் சான் எமிலியோனில் முடிந்த 30.8 கிலோமீட்டர் டைம் டிரையல், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓடும் பந்தயம். அதிலும் அவர்தான் முதல். மறுநாள் பாரிஸ் ஷான்ஸ் எலிசேயில் யாஸ்பர் பிலிப்சனையும் மார்க் கேவன்டிஷையும் ஸ்பிரிண்டில் முந்தினார். மலையேறிகளும் டைம் டிரையல்காரர்களும் ஸ்பிரிண்டர்களும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும் வெற்றிகள் அந்த ஆண்டு ஒரே ஆளிடம் போயின.

அன்று முதல் ரசிகர்கள் விடாமல் கேட்டுவரும் கேள்வி இது. இத்தனையும் கைவசம் இருக்கிறவர் ஏன் ஒட்டுமொத்த வெற்றிக்குப் போகக் கூடாது? கொஞ்சம் உடம்பைக் குறைத்து, கிளாசிக் எனப்படும் பெரிய ஒருநாள் பந்தயங்களை ஓரம் கட்டிவிட்டு, டூர் நடக்கும் ஜூலை மாதத்துக்கென்றே தயாரானால், ஒட்டுமொத்தத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியோடு பாரிஸ் போய்ச் சேர முடியாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரப் பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றி அவருக்கான இலக்கு இல்லை. ஒரு வாரப் பந்தயங்கள் இலக்காகலாம், அதிலும் பொறுக்கி எடுத்த சில மட்டும். இந்த முடிவுக்கு நான் வந்தது அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. இன்றைய பந்தய உலகில் மிக முழுமையான வீரர்களில் ஒருவர் அவர் என்று நினைப்பதால்தான், அந்த முழுமையில் பாதியை அவர் விற்றுவிடக் கூடாது என்று படுகிறது.

ஒட்டுமொத்த வெற்றி என்பது 21 கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, ஆகக் குறைவாக எடுத்தவருக்குத் தருவது. ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் டூரை வெல்லலாம். 1990-இல் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் வென்றார், 2017-இல் கிறிஸ் ஃப்ரூமும் அப்படித்தான். அங்கே பத்து விதமான திறமைக்குப் பத்து மதிப்பெண் கிடையாது. பெரிய மலைகளில் நேரம் இழக்காமல் இருப்பது, டைம் டிரையலில் பின்தங்காமல் இருப்பது, மூன்று வாரமும் விழாமல், காய்ச்சல் வராமல், ஒரு நாள்கூடச் சோர்ந்து போகாமல் இருப்பது, இவ்வளவுதான் கணக்கு. ஸ்பிரிண்ட் வேகமும், கல் பாவிய சாலையில் வண்டியை அடக்கும் லாகவமும், சேறும் புல்லுமான பாதையில் ஓடும் சைக்ளோகிராஸ் தந்த வெடிப்பும் அந்தக் கணக்கில் பெரிதாகச் சேராது. வான் ஆர்ட்டின் ஆகச் சிறந்த ஆயுதங்கள் அவைதான்.

கிலோவும் வாட்டும்

மற்ற வாதங்கள் எல்லாம் எடைக்கு அப்புறம்தான். வான் ஆர்ட் 1.90 மீட்டர் உயரம், பந்தய எடை 78 கிலோ என்று குறிப்பார்கள். டூரை வென்ற மலையேறிகளில் தாதேய் போகாச்சர் 66 கிலோ. யோனாஸ் விங்ககோர் இன்னும் இலகு, 60 கிலோ அளவில் இருப்பவர்.

பிரெனே மலைகளில் உள்ள ஓட்டாகாமை எடுத்துக்கொள்வோம். 13.6 கிலோமீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவு 7.8 சதவீதம், அதாவது சுமார் 1,060 மீட்டர் உயரம். முன்னணி வீரர்கள் இதை 36 நிமிடத்தை ஒட்டி ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கூடுதலாக உள்ள 18 கிலோவை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 85 வாட் வேண்டும். 60 கிலோக்காரர் 370 வாட் கொடுத்து ஏறுகிறார் என்றால், 78 கிலோக்காரர் அவருடைய சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க 455 வாட் கொடுக்க வேண்டும். அதுவும் சில நிமிடம் அல்ல, அரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டு வாரம் ஓடிக் களைத்த உடம்போடு, அன்றைய நாளின் நான்காவது மலையில். போகாச்சரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 12 கிலோ, அதற்கே 55 வாட்டுக்கு மேல் ஆகிறது. சமதளத்தில் பெரிய உடம்பு லாபம், அங்கே காற்றுதான் முக்கிய எதிரி. சரிவு ஏழு, எட்டு சதவீதத்தைத் தாண்டியதும் புவியீர்ப்பு எல்லாக் கணக்கையும் எடுத்துக்கொள்கிறது.

சரி, எடையைக் குறைத்தால்? ஐந்தாறு கிலோ குறைக்க முடியும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பு ஏற்கெனவே மிகக் குறைவாக உள்ள உடம்பில் அதற்கு மேல் குறைப்பது என்றால் தசையில் கைவைப்பது என்று அர்த்தம். தோள், கை, தொடை எல்லாம் வற்றும். ஸ்பிரிண்டின் கடைசி 200 மீட்டரில் எழும்பும் வேகம் அந்தத் தசையில்தான் இருக்கிறது. பட்டினி போட்ட உடம்பு சளி, காய்ச்சலுக்குச் சீக்கிரம் வழிவிடும், எலும்பும் பலவீனமாகும், விழுந்து எழுந்தால் ஆறுவதும் தாமதமாகும். 84 கிலோவிலிருந்து 78-க்கு வருவதும், 78-இலிருந்து 72-க்கு வருவதும் ஒன்றல்ல.

ஓட்டாகாம் நிரூபித்தது என்ன?

எதிர்த்தரப்பு எப்போதும் மேசைமேல் வைக்கும் ஆதாரம் 2022 டூரின் பதினெட்டாம் கட்டம். அன்று வான் ஆர்ட் தொடக்கத்திலேயே முன்னால் பிரிந்து ஓடிய குழுவில் சேர்ந்தார். நாள் முழுக்க முன்னால் ஓடிவிட்டு, ஓட்டாகாமில் தன் அணித்தலைவர் விங்ககோருக்காக முன்நின்று இழுத்தார். அந்த இழுப்பில்தான் போகாச்சர் பின்தங்கினார். விங்ககோர் வென்றார், போகாச்சர் 1 நிமிடம் 4 நொடி கழித்து இரண்டாவதாக வந்தார், வான் ஆர்ட் மூன்றாவது. இரண்டு டூர் வென்றிருந்த மனிதரை மலையில் வைத்துக் கழற்றிவிட்டவர் ஏன் தானே வெல்லக் கூடாது? கேள்வி நியாயமானது. அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் தோன்றும்.

ஆனால் அதே டூரின் மற்ற நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதினொன்றாம் கட்டம் கோல் டு கிரனோனில் முடிந்தது, விங்ககோர் மஞ்சள் ஜெர்சியை முதன்முதலாகப் பிடித்த நாள். அன்று வான் ஆர்ட் தொடக்கத்திலேயே டச்சு வீரர் மத்தியூ வான் டர் பூலோடு சேர்ந்து தாக்கிவிட்டு, தன் வேலை முடிந்ததும் கடைசி ஏற்றங்களில் நிதானமாகப் பின்னால் வந்துவிட்டார். வர முடிந்தது, ஏனென்றால் அவருடைய நேரத்தை யாரும் எண்ணவில்லை. அப்படி ஓய்வெடுத்த நாட்கள்தான் ஓட்டாகாமில் செலவாயின. ஒட்டுமொத்தத்துக்கு ஓடுகிறவருக்கு அந்த ஓய்வு கிடையாது. கிரனோனிலும் முழுசாக ஏற வேண்டும், மறுநாள் அல்ப் டுவேஸிலும் முழுசாக ஏற வேண்டும். அதற்கப்புறமும் ஓட்டாகாமில் அதே கால்கள் இருக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு நாளின் மூன்றாமிடம் அதற்குப் பதில் சொல்லாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த டூரில் அவர் மஞ்சள் ஜெர்சியை நான்கு நாள் அணிந்திருந்தார். தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம் வந்து மனம் நொந்தவர், நான்காம் கட்டத்தில் கலே நகருக்குச் சற்று முன்னே வந்த சிறு மேட்டில், மஞ்சள் ஜெர்சியோடே தாக்கித் தனியாக வென்றார். ஆறாம் கட்டத்தில் அதே ஜெர்சியோடு நெடுந்தூரம் முன்னால் ஓடி, கடைசியில் பிடிபட்டு, ஜெர்சியையும் இழந்தார். ஒட்டுமொத்தப் போட்டியாளர் யாரும் அப்படி ஓடமாட்டார், அணி விடாது. அந்த ஓட்டம்தான் அவரை வான் ஆர்ட் ஆக்குகிறது என்பது என் எண்ணம். அந்த ஆண்டு, புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுபவருக்கான பச்சை ஜெர்சியை 480 புள்ளிகளோடு வென்றார். அது அதுவரை யாரும் எட்டாத எண்.

விக்கின்ஸும் தாமஸும் செய்தார்களே

செய்தார்கள். பிராட்லி விக்கின்ஸ் டிராக் சைக்கிளில் ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர். உடம்பைக் குறைத்து, 2009 டூரில் முன்னணிக்கு வந்து, 2012-இல் டூரையே வென்றார். கெரைன்ட் தாமஸும் டிராக்கில் 2008, 2012 ஒலிம்பிக் தங்கம் பெற்றவர், 2015-இல் கல் பாவிய சாலைகளின் ஈ3 பந்தயத்தை வென்றவர், 2018-இல் டூரை வென்றார். இருவருக்கும் வெற்றி வந்தபோது வயது 32. ஆகவே வயதைச் சொல்லி வாயை அடைக்க முடியாது.

வேறு இரண்டு வித்தியாசம் இருக்கிறது. முதலாவது பாதை. 2012 டூரில் தனிநபர் டைம் டிரையல் மட்டும் மொத்தம் 101.4 கிலோமீட்டர் இருந்தது. விக்கின்ஸ் அங்கே நிமிடக்கணக்கில் சம்பாதித்து, மலையில் அதைக் காப்பாற்றிக்கொண்டார். 2023-இல் இருந்தது ஒரே ஒரு டைம் டிரையல், 22.4 கிலோமீட்டர், அதிலும் நடுவில் ஏற்றம். 2025-இல் கான் நகரில் 33 கிலோமீட்டர் சமதளமும் பெராகூடில் 11 கிலோமீட்டர் மலையும், ஆக 44. விக்கின்ஸுக்குக் கிடைத்த மைதானத்தில் பாதிகூட இல்லை. இருக்கிற கொஞ்சத்திலும் இன்றைய மலையேறிகள் விட்டுக்கொடுப்பதில்லை. 2023-இல் கொம்ப்ளூவில் முடிந்த அந்த டைம் டிரையலில் வான் ஆர்ட் மூன்றாவது வந்தார், மிக நல்ல ஓட்டம். ஆனால் விங்ககோருக்கும் அவருக்கும் இடைவெளி 2 நிமிடம் 51 நொடி. மலையில் இழப்பதைக் கடிகாரத்தோடு ஓடி மீட்கலாம் என்ற பழைய திட்டம் அந்த ஒரு மாலையிலேயே முடிந்துபோனது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வித்தியாசம் இழப்பு. விக்கின்ஸும் தாமஸும் சாலைப் பந்தயத்தில் எதை விட்டுவிட்டுப் போனார்கள்? தாமஸ் விட்டது, கிளாசிக் பந்தயங்களில் அடிக்கடி முன்வரிசையில் வந்து எப்போதாவது வெல்லும் ஒரு வாழ்க்கையை. விக்கின்ஸுக்கு அதுகூட இல்லை. வான் ஆர்ட்டின் பட்டியல் வேறு. 2020-இல் மிலான்–சான்ரெமோ, ஸ்ட்ராடே பியாங்கே. 2021-இல் ஆம்ஸ்டல் கோல்டும் கென்ட்–வெவல்கெமும். 2022, 2023 இரண்டு ஆண்டும் ஈ3. அதற்கு முன்பே சைக்ளோகிராஸில் 2016 முதல் தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்கள். இருந்ததை விட்டுவிட்டு இல்லாததைத் தேடுவதில் இவருக்கு ஆகும் செலவு அவர்களுடையதைப் போல் பல மடங்கு.

இந்த இடத்தில் பிரெஞ்சு வீரர் லோரான் ஜலாபேரையும் சொல்வார்கள். ஸ்பிரிண்டராகத் தொடங்கி, 1994 டூரில் ஆர்மோன்டியேரில் கோரமாக விழுந்து எழுந்து, மறு ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை வென்றவர். அதுவும் எப்படி? ஒட்டுமொத்தம், புள்ளி, மலை மூன்று பட்டங்களோடும். பொருத்தமான முன்னோடிதான். ஆனால் 90கள் ஈ.பி.ஓ. ஊக்கமருந்து பந்தய உலகம் முழுவதையும் வளைத்திருந்த காலம். அந்தக் காலத்து மலையேற்றங்களை அளவுகோலாக வைத்து இன்றைய வீரர் யாருக்கும் வழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தினமும் கைக்கு வருவதும், இருபத்தோராம் நாள் மட்டும் வருவதும்

இந்த விவாதத்தில் போதுமான அளவு பேசப்படாத விஷயம் இது. 2024 வுவெல்டாவில் வான் ஆர்ட் மூன்று கட்டங்களை வென்றிருந்தார், புள்ளிப் பட்டியலில் முன்னால் இருந்தார். பதினாறாம் கட்டத்தில் மழையில் நனைந்த இறக்கத்தில் விழுந்தார், முழங்காலில் ஆழமான காயம், பந்தயம் அதோடு முடிந்தது. பச்சை ஜெர்சி போனது. ஆனால் அந்த மூன்று வெற்றிகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கட்டங்களுக்காக ஓடுகிறவர் அன்றன்றைய கூலியை அன்றன்றே வாங்கிக்கொள்கிறார். ஒட்டுமொத்தத்துக்கு ஓடியிருந்து அதே வளைவில் விழுந்திருந்தால், பதினைந்து நாள் உழைப்புக்கும், அதற்கு முன் மாதக்கணக்கில் மலையுச்சி முகாம்களில் கிடந்ததற்கும் மிஞ்சுவது எதுவும் இல்லை.

விழக்கூட வேண்டாம். அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1987 வுவெல்டாவில் முன்னிலையில் இருந்தார், முடிய சில நாட்களே பாக்கி. இருக்கை பட்டு வந்த ஒரு கட்டி அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது. மறு ஆண்டு திரும்பி வந்து வென்றார் என்பது அவருடைய பெருமை. எல்லோருக்கும் மறு ஆண்டு வாய்ப்பதில்லை. வான் ஆர்ட்டுக்கு 2019-இல் போ நகர டைம் டிரையலில் தடுப்பில் மோதித் தொடை கிழிந்தது, 2024 மார்ச்சில் தவார்ஸ் டோர் ஃப்ளாண்டரன் பந்தயத்தில் எலும்புகள் முறிந்தன, அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கால். இப்படிப்பட்ட உடம்போடு மூன்று ஆண்டுத் திட்டம் போடச் சொல்பவர்கள், அந்த மூன்றில் எத்தனை ஆண்டு முழுசாகக் கிடைக்கும் என்று யோசித்தார்களா?

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டூரை வெல்கிறவருக்குப் பரிசு 5 லட்சம் யூரோ, ஒரு கட்டத்தை வெல்கிறவருக்கு 11,000. இதைக் கேட்டதும் ஒட்டுமொத்தமே லாபம் என்று தோன்றும். ஆனால் ஒட்டுமொத்தத்தில் பத்தாமிடம் வந்தால் கிடைப்பது 3,800 யூரோதான். தோற்றால் எங்கே போய் நிற்போம் என்பதை அந்த எண் சொல்கிறது. மஞ்சளுக்குக் குறிவைத்து எட்டாமிடத்தில் முடித்தவரை அடுத்த ஆண்டு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பாரிஸில் 2025-இல் மழை கொட்டும் மோன்மார்த்ர் ஏற்றத்தில், உலகச் சாம்பியனும் மஞ்சள் ஜெர்சியுமாக இருந்த போகாச்சரைக் கழற்றிவிட்டுத் தனியாக வந்து வென்ற வான் ஆர்ட்டை மறக்க முடியுமா?

அணியின் கணக்கும் உண்டு. பெரிய டூர்களுக்கு ஓர் அணியிலிருந்து எட்டுப் பேர்தான். ஒட்டுமொத்தத்துக்கு ஒருவரை நிறுத்தினால் அவரைக் காற்றிலிருந்து காக்கவும், மலையில் இழுக்கவும், தண்ணீர் கொண்டுவரவும் மற்ற அத்தனை பேரும் வேண்டும். விங்ககோர் இருக்கும் அணியில் அந்த நாற்காலி காலியில்லை, அதற்காகவே வேறு அணி தேட வேண்டும். அதேசமயம், ஒட்டுமொத்த வெற்றியில் வான் ஆர்ட்டுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில், 2025-இன் இருபதாம் கட்டத்தைப் பாருங்கள். வான் ஆர்ட்டின் அணித்தோழர் சைமன் யேட்ஸ் அன்று காலை 1 நிமிடம் 21 நொடி பின்தங்கியிருந்தார். கோலே டெல்லே ஃபினெஸ்த்ரே ஏற்றத்தில் அவர் தனியே பிரிந்து போனார். முன்னால் ஓடிய குழுவில் இருந்த வான் ஆர்ட் அவருக்காகக் காத்திருந்து, இறக்கம் முடிந்து செஸ்த்ரியேரே நோக்கிய சாலையில் தன் பலமெல்லாம் கொட்டி இழுத்தார். பின்னால், ஒட்டுமொத்தத்தில் முதல் இரண்டு இடத்தில் இருந்த டெல் டோரோவும் கராபாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜிரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி யேட்ஸுக்குப் போனது. அந்த ஜிரோவில் சியெனாவில் முடிந்த கட்டம் ஏற்கெனவே வான் ஆர்ட்டின் கணக்கில் இருந்தது.

ஒரு வாரப் பந்தயங்கள்: இங்கேதான் இடம்

இப்போது நான் உண்மையிலேயே ஆசைப்படும் பாதைக்கு வருகிறேன். ஆறேழு நாள் பந்தயத்தில் கணக்கே மாறிவிடுகிறது. பெரிய மலையுச்சி முடிவு ஒன்று இருக்கும், மிஞ்சினால் இரண்டு. ஒரு டைம் டிரையல் இருக்கும். மீதி மேடுபள்ளமான நாட்கள். கட்டத்தில் முதல் மூன்று இடத்துக்கு 10, 6, 4 நொடிச் சலுகை, மொத்த நேரத்தில் அதைக் கழித்துவிடுவார்கள். மொத்த வித்தியாசமே ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்போது ஸ்பிரிண்ட் தெரிந்தவருக்கு அந்த நொடிகள் தங்கம்.

வான் ஆர்ட் இதை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார். இத்தாலியின் ஒரு வாரப் பந்தயமான டிரேனோ–அட்ரியாட்டிகோவில் 2021-இல் முதல் கட்டத்தை ஸ்பிரிண்டில் வென்றார், கடைசிக் கட்டமான டைம் டிரையலையும் வென்றார். நடுவில் பிராட்டி டி டீவோ மலையில் நேரம் இழந்தாலும் நிலைகுலையவில்லை. முடிவில் போகாச்சருக்கு அடுத்து இரண்டாமிடம், இடைவெளி ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டியது. அதைக் கிளாசிக் சீசனுக்கான உடம்போடு செய்தார் என்பதுதான் முக்கியம், பட்டினி போட்டுச் செய்யவில்லை. அதே மாதக் கடைசியில் கென்ட்–வெவல்கெமை வென்றார். டூர் ஆஃப் பிரிட்டனை 2021, 2023 இரண்டு முறை வென்றதும் இந்த வகையில்தான் சேரும், போட்டி அந்த அளவு கடுமை இல்லை என்றாலும்.

இவரைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் இங்கே பிழைத்த வரலாறும் உண்டு. 2015-இல் பீட்டர் சாகன் டூர் ஆஃப் கலிபோர்னியாவை ஜூலியன் அலாஃபிலிப்பைவிட மூன்றே நொடி குறைவாக எடுத்து வென்றார். பால்டி மலையில் தன்னால் முடிந்த மட்டும் தாங்கிக்கொண்டு, மீதியை நொடிச் சலுகைகளில் பொறுக்கியெடுத்தார். 2016 டிரேனோவில் கிரெக் வான் அவர்மாட் அதே சாகனை ஒரு நொடியில் முந்தினார். அந்த ஆண்டு பனியால் மலைக் கட்டம் ரத்தானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020 பின்க்பேங்க் டூரைக் கடைசி நாளில் நெடுந்தூரம் தனியாக ஓடிப் பிடித்தார் வான் டர் பூல்.

எல்லோருக்கும் மேலே நிற்பவர் கெல்லி. 1982 முதல் 1988 வரை பாரிஸ்–நீஸ் பந்தயத்தைத் தொடர்ந்து ஏழு முறை வென்றார். அதே ஆண்டுகளில் பாரிஸ்–ரூபே இரண்டு, லியேஜ், லொம்பார்தியா, சான்ரெமோ, டூரில் பச்சை ஜெர்சிகள். ஒன்றை விட்டு ஒன்றுக்கு அவர் போகவில்லை. மார்ச் மாத ஒரு வாரப் பந்தயம் அவருக்கு ஏப்ரல் கிளாசிக்குகளின் முன்னுரையாகவே இருந்தது. வான் ஆர்ட்டுக்கு யாராவது முன்மாதிரி வேண்டும் என்றால் விக்கின்ஸைவிட கெல்லியைத்தான் காட்டுவேன்.

காலண்டர் மட்டும் கொஞ்சம் இடிக்கும். கத்தலூனியா பந்தயம் ஈ3, கென்ட்–வெவல்கெம் நாட்களோடு மோதுகிறது. பாஸ்க் நாட்டுப் பந்தயம் ஏப்ரலில் ஃப்ளாண்டர்ஸ், ரூபே நேரத்தில் வருகிறது, தவிர அதன் செங்குத்து மேடுகள் 78 கிலோவுக்கு ஏற்றவை அல்ல. மிஞ்சுவது மார்ச்சில் டிரேனோ அல்லது பாரிஸ்–நீஸ், ஜூனில் டூர் டி சுவிஸ், ஆகஸ்டில் பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கம் நடக்கும் பந்தயம். இவற்றிலும் அந்த ஆண்டுப் பாதை வெளியான பிறகு முடிவெடுத்தால் போதும். நீண்ட சமதள டைம் டிரையல் இருந்து, உச்சி முடிவு ஒன்றோடு நின்றால் முழு மூச்சாக இறங்கலாம். இரண்டு மூன்று உச்சிகள் இருந்தால் கட்டங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை

பல துறை வீரர் என்ற ஒரே பெயரில் எல்லோரையும் கட்டிப்போட முடியாது. டாம் பிட்காக் மலைச் சைக்கிளில் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர், 2022-இல் சைக்ளோகிராஸ் உலகச் சாம்பியன், அதே ஆண்டு டூரில் அல்ப் டுவேஸ் கட்டத்தை வென்றவர். பார்வைக்கு வான் ஆர்ட்டைப் போலவே எல்லாம் செய்பவர். ஆனால் அவர் 60 கிலோவுக்கும் குறைவு. ஒட்டுமொத்தத்துக்காக அவர் எதையும் வெட்டி எறிய வேண்டியதில்லை. 2025-இல் அதற்கு விடை கிடைத்தது. வசந்தத்தில் ஸ்ட்ராடே பியாங்கேயில் போகாச்சருக்கு அடுத்து இரண்டாமிடம், இலையுதிர்காலத்தில் வுவெல்டாவில் ஒட்டுமொத்தம் மூன்றாமிடம். அவர் தாராளமாகத் துரத்தலாம், துரத்தத்தான் வேண்டும்.

அலாஃபிலிப் இடையில் நிற்பவர். இலகுவான உடம்பு, வெடிக்கும் கால்கள். 2019 டூரில் பதினான்கு நாள் மஞ்சள் ஜெர்சியைச் சுமந்தார், போ டைம் டிரையலையும் வென்றார். பிரான்ஸ் முழுவதும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கடைசி ஆல்ப்ஸ் மலைகளில் தாங்க முடியாமல் ஐந்தாமிடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு மஞ்சளுக்கென்று வாழ்க்கையை மாற்றச் சொல்லி எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும்! அவர் மாறவில்லை. 2020-இல் இமோலாவிலும் 2021-இல் லூவனிலும் உலகச் சாம்பியன் ஆனார். அந்த இரண்டு வானவில் ஜெர்சிகளைக் கொடுத்து, நான்காமிடமோ மூன்றாமிடமோ வாங்கியிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

வான் டர் பூலின் தாத்தா ரேமோன் புலிடோர். டூரில் எட்டு முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்தும் ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி அணியாதவர். அந்தக் குடும்பத்துக்கு ஒட்டுமொத்த வெற்றியின் ஏக்கம் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2021-இல் மூர் டு பிரத்தாஞ் மேட்டில் வென்று பேரன் அந்த ஜெர்சியைப் போட்டார், ஆறு நாள் வைத்திருந்தார், ஒலிம்பிக்குக்குத் தயாராக டூரிலிருந்து பாதியில் கிளம்பினார். முழு டூரையும் வெல்லப் போகிறேன் என்று உடம்பை வற்றவிடவில்லை. அதற்குப் பிறகு 2023 முதல் 2025 வரை ரூபே மூன்று முறை தொடர்ந்து அவருடையது.

வான் ஆர்ட் விஷயத்தில் என் மனம் மாற ஒரே ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஓர் ஆண்டு ஜிரோ பாதையில் இரண்டு நீண்ட சமதள டைம் டிரையல்கள், சேர்ந்து 80 கிலோமீட்டராவது இருந்து, போகாச்சரும் விங்ககோரும் டூருக்காக அதைத் தவிர்த்தால், அணியும் அவருக்கென்று நான்கு பேரை ஒதுக்கினால், அந்த ஒரு முறை இப்போதைய உடம்போடே முயன்று பார்க்கலாம். இரண்டாம் வாரக் கடைசியில் பெரிய மலைகளில் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் அன்றிரவே திட்டத்தைக் கைவிட்டு, மறுநாள் முதல் கட்டங்களுக்கு ஓட வேண்டும். அந்த நிபந்தனையைப் பந்தயம் தொடங்குமுன் அணியோடு பேசி எழுதிவைத்துக்கொள்வது நல்லது.